களிம்பில் வாழும் எழுத்து

வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய செப்புக்காசு ஒன்று கிடைக்கிறது. பச்சையும் கறுப்புமாய், மண் ஒட்டிக் கிடக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் பெரியவர்கள் சொல்லும் முதல் சொல், “புளி போட்டு விளக்குப்பா, பளிச்சுனு ஆயிடும்” என்பதுதான். நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் தேங்காய் நார். ஐந்து நிமிடத்தில் காசு புதுச் செம்பு போல மின்னுகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பச்சைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த எழுத்தை இப்போது காணோம். அது விளக்கிய தண்ணீரோடு போய்விட்டது.

எழுத்து செம்பில் இருக்கிறது, அதன்மேல் அழுக்கு படிந்திருக்கிறது, அழுக்கை நீக்கினால் எழுத்து தெளிவாகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாத்திரத்துக்கு இது சரி. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த காசுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அதில் எழுத்து செம்பைவிட்டு இடம் மாறிவிட்டிருக்கும். நாம் அழுக்கு என்று நினைக்கும் களிம்பில்தான் அது தங்கியிருக்கும். பழங்காசுகளைச் சுத்தம் செய்யும் கலையின் அடிப்படை இந்த ஓர் உண்மைதான்.

உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு

பழங்காசுகள் பெரும்பாலும் தங்கம், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றில் ஒன்றாலோ அவற்றின் கலவையாலோ ஆனவை. மண்ணுக்குள் இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

தங்கம் எளிதில் எதனோடும் சேராது. காற்றோ நீரோ மண்ணின் உப்போ அதை அசைப்பதில்லை. தமிழகத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட ரோமானியத் தங்கக் காசுகளில் பேரரசனின் முகம் நேற்று அச்சிட்டது போலத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆனால் தங்கத்துக்கும் சில நேரம் நிறம் ஏறும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியில் பொம்பேய் அருகே பொஸ்கோரியாலே என்ற இடத்தில் ஒரு பண்ணை வீடு புதைந்தது. 1895-இல் அங்கே சுமார் ஆயிரம் தங்கக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் பலவற்றின்மேல் ஆழ்ந்த செம்மை படர்ந்திருந்தது. இன்று அந்தச் செம்மையே அவற்றின் பிறப்புச் சான்றிதழ். அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது இன்னொரு தங்கக் காசு, அவ்வளவுதான்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். பூஜையறை வெள்ளிக் குத்துவிளக்கு சில மாதங்களில் மங்குவதும் இதனால்தான். காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு என்ற கரும்படலத்தை உண்டாக்குகிறது. உப்பு மிகுந்த மண்ணில் புதைந்த வெள்ளியோ குளோரினோடு சேர்ந்து, சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற சில்வர் குளோரைடாக மாறுகிறது.

செம்பின் கதை இவ்விரண்டையும்விட நீளமானது. சுரங்கத்தில் செம்பு பெரும்பாலும் செம்பாகக் கிடைப்பதில்லை. பச்சை மாலகைட்டாக, நீல அசுரைட்டாக, சிவந்த குப்ரைட்டாக, இன்னும் பல கனிமங்களாகக் கிடைக்கிறது. அவற்றை நெருப்பிலிட்டு உருக்கித்தான் மனிதன் உலோகத்தைப் பிரித்தெடுத்தான். காசாக அடித்து, கைமாறி, ஒருநாள் மண்ணுக்குள் விழுந்ததும் அந்தச் செம்பு வந்த வழியே திரும்பத் தொடங்குகிறது. பழங்காசின்மேல் காணும் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் சுரங்கத்தில் இருந்த அதே கனிமங்கள்தாம். அதைத்தான் தமிழில் களிம்பு என்கிறோம்.

களிம்பின் அடுக்குகள்

சைவ சித்தாந்தத்தில் செம்பும் களிம்பும் புகழ்பெற்ற உவமை. செம்போடு களிம்பு கலந்திருப்பது போல உயிரோடு ஆணவ மலம் கலந்திருக்கிறது என்பார்கள். அங்கே களிம்பு நீங்க வேண்டிய ஒன்று. அறிவியல் கண்ணால் பார்த்தால் களிம்பு செம்பின் உடன்பிறப்பு இல்லை. செம்பும் காற்றும் நீரும் கூடிப் பின்னால் உண்டாக்குவது. அது உருவாகும் விதம் வியப்பானது.

மண்ணிலிருந்து எடுத்த ஒரு செப்புக்காசைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். நடுவே எஞ்சியிருக்கும் செம்பு. அதைச் சுற்றிச் சிவந்த குப்ரைட். அதன்மேல் அடர்ந்த பச்சை. எல்லாவற்றுக்கும் வெளியே மணலும் மண்ணும் பச்சையும் கலந்து இறுகிய மேலோடு.

இதில் காசு அச்சடிக்கப்பட்ட நாளில் இருந்த மேற்பரப்பு எங்கே இருக்கிறது? செம்பு அரிக்கும்போது அதன் ஒரு பகுதி கரைந்து வெளியே கசிந்து, சுற்றியுள்ள மண்ணில் படிகிறது. இன்னொரு பகுதி நகராமல், தான் இருந்த இடத்திலேயே கனிமமாக மாறுகிறது. வெளியே கசிந்து படிந்த பகுதியில் மணல் துகள்கள் சிக்கியிருக்கும். இருந்த இடத்திலேயே மாறிய பகுதியில் மணல் இருக்க வழியில்லை, ஏனென்றால் அது ஒரு காலத்தில் கெட்டியான செம்பாக இருந்த இடம். ஆக, மணல் கலந்த ஓடு முடிந்து மணலே இல்லாத அடர்ந்த படலம் தொடங்கும் எல்லைதான் பழைய மேற்பரப்பு. அரசனின் பெயரும், மீனும் புலியும் வில்லும் அந்த எல்லையில்தான் பதிந்திருக்கின்றன. நிறையவே அரித்துப்போன காசில் எஞ்சிய செம்பு அந்த எல்லைக்குக் கீழே வெகுதூரம் உள்வாங்கிவிட்டிருக்கும். அதன் முகம் குண்டும் குழியுமாக இருக்குமே தவிர, எழுத்தைக் காட்டாது.

இனி புளிக்கு வருவோம். புளியின் புளிப்புக்குக் காரணம் டார்ட்டாரிக் அமிலம். அது பச்சையையும் கரைக்கும், சிவப்பையும் கரைக்கும். மேலோடு எது, எழுத்தைத் தாங்கும் படலம் எது என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கரைத்து, உள்ளே இருக்கும் வெறும் செம்பில் போய் நிற்கிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், வினிகரின் அசிட்டிக் அமிலமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தேங்காய் நாரும் செங்கல் தூளும் மீதியை உராய்ந்து எடுத்துவிடும்.

களிம்பு காக்கும் செய்தி எழுத்து மட்டுமன்று. காசுகளைத் துணியில் முடிந்து புதைத்திருந்தால் துணி மக்கிப்போகும். ஆனால் அதன் இழைகளுக்குள் செப்பு உப்பு ஊறி, ஊடும் பாவுமாக நெய்த அமைப்பு அப்படியே களிம்பில் அச்சாகிவிடும். மரப்பெட்டியின் வரி, தோற்பையின் துணுக்கு, பக்கத்தில் கிடந்த விதை ஆகியவையும் இப்படிப் பதிவாவதுண்டு. களிம்பை வழித்தெறிந்தால் இத்தனை சாட்சிகளும் போய்விடும்.

வெள்ளிக்கு ஏறும் வண்ணம்

பழைய வெள்ளிக்காசுகளில் சில கறுப்பாக இல்லாமல், விளிம்பில் இளமஞ்சளாகவும் உள்ளே செம்பழுப்பாகவும் நடுவே ஊதா, நீலமாகவும் மின்னும். சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்கிறார்கள். மயில் கழுத்தைப் போன்ற இந்த நிறங்கள் சாயத்தால் வந்தவை இல்லை.

மழை நாளில் பெட்ரோல் பங்க் அருகே தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதைப் பார்த்திருப்போம். வெள்ளிக்காசில் நடப்பதும் அதே ஒளி விளையாட்டுத்தான். சில்வர் சல்பைடுப் படலத்தின் மேற்பரப்பில் பட்டு ஒளியின் ஒரு பங்கு திரும்புகிறது. மறுபங்கு உள்ளே புகுந்து, அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றையொன்று அழிக்கின்றன. எந்த நிறம் மிஞ்சும் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் படலம். மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் ஒளியே திரும்பாத கருமை என்று நிறம் மாறிச் செல்லும். ஐரோப்பாவின் பழைய சேகரிப்பாளர்கள் மரத்தட்டுகளில் அடுக்கி வைத்த காசுகளில் பல தலைமுறைகளாக இப்படி ஏறிய நிறத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இந்தக் காசு நெடுங்காலமாக யாரும் தேய்க்காமல் பாதுகாக்கப்பட்டது என்பதற்கு அது சான்று.

இந்தப் படலத்தை நீக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. பலவற்றில் இருப்பது அமிலம் கலந்த தயோயூரியா. முக்கி எடுத்த சில நொடிகளில் கறுப்பு மறையும். அந்தக் கறுப்பில் இருந்தது காசின் வெள்ளியே என்பதை மறந்துவிடக்கூடாது. ஒவ்வொரு முறை முக்கும்போதும் மேற்பரப்பில் ஒரு பங்கு கரைந்து போகிறது. அச்சு வேகமாக அறைந்தபோது உலோகம் ஓடிய நுண்ணிய வரிகள்தாம் காசுக்கு உயிரோட்டமான மினுமினுப்பைத் தருபவை. அவை மழுங்கினால் காசு செத்த வெண்மையாகத் தெரியும். விபூதி போட்டுத் தேய்த்தாலும், பற்பசை போட்டுத் தேய்த்தாலும் நிலைமை மாறாது. குத்துவிளக்குக்கு ஏற்ற மென்துகள்கள் காசின் முகத்தில் ஆயிரம் கீறல்களைப் போட்டுவிடும்.

பழைய வெள்ளிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. காலம் செல்லச் செல்ல அது நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெள்ளியில் சிறிதளவு கலந்திருந்த ஈயம் நூற்றாண்டுகளின் போக்கில் படிகங்களின் எல்லைகளில் பிரிந்து சேர்கிறது. அரிப்பும் அந்த எல்லைகளின் வழியாகவே உள்ளே இறங்குகிறது. பார்வைக்குத் திடமாகத் தெரியும் காசு கைதவறித் தரையில் விழுந்தால் அப்பளம் போல உடையக்கூடும். அழுத்தித் தேய்ப்பதும் அதே ஆபத்துதான்.

வெள்ளிக்காசு பச்சையாகக் கிடைத்தால் பலர் அதைப் போலி என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளியோடு கலந்த செம்பு முதலில் அரித்து வெளியே வந்து மேலே படிவதால்தான் அந்தப் பச்சை. எடுத்த எடுப்பில் அமிலத்தில் போட்டால், செம்பு போன ஓட்டைகளுக்குள் அமிலம் புகுந்து தங்கி உள்ளிருந்தே காசைத் தின்னும்.

எடையும் பூச்சும்

அமிலம் காசின் எடையையும் குறைக்கிறது; அந்த எடையே ஒரு செய்தி. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியிலிருந்து 84 தெனாரியஸ் காசுகள் அடித்தார்கள். ஒரு காசு சுமார் 3.9 கிராம். கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 96 ஆக்கினார். காசின் எடை 3.4 கிராமாக இறங்கியது, வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தமிழகத்தில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பழைய கனத்த காசுகள் இங்கே எப்படி மதிக்கப்பட்டன என்பதை ஆராய்பவர்களுக்கு அரை கிராம் வேறுபாடு பெரிய செய்தி. அமிலத்தில் எடை இழந்த காசு அந்த ஆய்வுக்குப் பயன்படாது.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானிய வெள்ளிக்காசு பெயருக்கு மட்டுமே வெள்ளியாக இருந்தது. பேரரசர் ஆரேலியன் கி.பி. 274 வாக்கில் காசைச் சீர்திருத்தியபோதும் அதில் இருந்தது 20 பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளிதான். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சைக் கொடுத்து வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து எடுக்கும்போது அந்தப் பூச்சு பச்சை ஓட்டுக்கு அடியில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால், பூச்சுக்கு அடியிலுள்ள களிம்பு கரைய, வெள்ளித்தூள் தண்ணீரில் மிதக்கும். ஒரு பேரரசின் பணநெருக்கடிக்கான நேரடிச் சான்று அதோடு போயிற்று.

காசுக்கு வரும் நோய்

தமிழில் களிம்பு என்றால் புண்ணுக்குப் பூசும் மருந்தும்தான். காசுகளிலும் மருந்தாக நிற்கும் களிம்பு உண்டு, நோயாக வரும் களிம்பும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதுதான் சேகரிப்பாளர் கற்க வேண்டிய முதல் பாடம்.

நல்ல களிம்பு கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். கரும்பச்சை, பழுப்பு, கறுப்பு என்று நிறம் எதுவானாலும் நகத்தால் சுரண்டினால் வராது. கீழே உள்ள செம்பைக் காற்றிலிருந்து மறைத்துக் காக்கும். நோய்க் களிம்பு வெளிர்பச்சையாக, மாவு போல உதிரும். துடைத்தாலும் சில நாளில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும். துடைத்த இடத்தில் சிறு குழி தெரியும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். ஒட்டுவாரொட்டி போலத் தோன்றுவதால் ஒரு காலத்தில் இதைக் கிருமியின் வேலை என்றுகூட நினைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ, இது முழுக்க வேதிவினைதான் என்று விளக்கினார்.

குற்றவாளி குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பாதி. உவர் மண்ணில் கிடந்த காசின் உள்ளே, குப்ரைட் படலத்துக்கு அடியில், செம்பும் குளோரினும் சேர்ந்த குப்ரஸ் குளோரைடு பதுங்கியிருக்கும். மண்ணுக்குள் காற்று குறைவு, ஆகவே அது அமைதியாக இருக்கும். காசை வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் உள்ளே புகுகின்றன. குப்ரஸ் குளோரைடு அவற்றோடு வினைபுரிந்து வெளிர்பச்சை மாவாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவருகிறது. அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. அதுவும் ஈரத்தைச் சந்தித்து மாவாகிறது. கொஞ்சம் குளோரைடு போதும், முழுக் காசும் மாவாகும்வரை சுழற்சி நிற்காது.

இப்போது புளியோடு சேர்த்த அந்தச் சிட்டிகை உப்பை நினைத்துப் பாருங்கள். எழுத்தை அழித்தது புளி. நுண்துளைகளுக்குள் குளோரைடை ஊட்டி, வருங்கால நோய்க்கு விதை போட்டது உப்பு.

இந்த நோயோடு போராடிய வரலாற்றில் தமிழகத்துக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருந்த செப்புத் திருமேனிகளை வெண்கல நோய் அரிக்கத் தொடங்கியதால், 1930-இல் அங்கே வேதியியல் பாதுகாப்புப் பணி தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் அவற்றுக்கு மருத்துவம் பார்த்தார். திருமேனியைக் காரக் கரைசலில் வைத்து எதிர்மின்வாயாக இணைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினால், குளோரைடு அயனிகள் உலோகத்தைவிட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும். இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட வேலைகளில் ஒன்று இது. எனினும் மின்பகுப்பு களிம்பையும் சேர்த்து உரித்துவிடக்கூடியது. எழுத்தே களிம்பில் தங்கியிருக்கும் மெல்லிய காசுகளுக்கு இன்றைய வல்லுநர்கள் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார்கள். குளோரைடை மெல்லக் கழுவி எடுக்கும் கரைசல்கள், செம்பின்மேல் காப்புப் படலம் போடும் பென்சோட்ரையசோல் ஆகியவை இப்போது பயன்படுகின்றன. பென்சோட்ரையசோல் உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியது. அது ஆய்வகத்துக்கு உரியது, வீட்டுக்கு வேண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடிய மருந்து ஒன்று உண்டு. அது வறட்சி. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் அதைவிட மிக அதிகம். ஆகவே காசுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது ஒன்றே இங்கே பாதுகாப்பு.

முள்ளும் பொறுமையும்

ஆய்வகத்தில் ஒரு காசைச் சுத்தம் செய்வதைப் பார்த்தால், அது படிக்கும் வேலை என்பது புரியும். முதலில் படம் எடுப்பார்கள், எடை போடுவார்கள். பிறகு உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றுவார்கள். மண் இளகியதும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து மூங்கில் குச்சியாலும் முள்ளாலும் கூரிய கத்தியாலும் மேலோட்டை ஒரு மணல் துகள் அளவாகப் பெயர்ப்பார்கள். மணல் கலந்த ஓடு முடிந்து அடர்ந்த படலம் தெரிந்ததும் கை நின்றுவிடும். அதற்குக் கீழே போவதில்லை. ஒரு காசுக்கு ஒரு நாள் முழுக்க ஆவதும் உண்டு.

இதன் உச்சத்தை ஜெர்சித் தீவில் பார்த்தோம். பிரான்ஸ் கரைக்கு அருகிலுள்ள அந்தத் தீவில் 2012-இல் சுமார் 70,000 கெல்டிக் காசுகள் ஒரே கட்டியாகக் கிடைத்தன. ஏறக்குறைய முக்கால் டன் எடை. பச்சைக் களிம்பு எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டவைத்திருந்தது. மொத்தமாக அமிலத்தில் மூழ்கடித்திருந்தால் சீக்கிரமே உதிர்ந்திருக்கும். அங்கிருந்த வல்லுநர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு காசும் குவியலில் எங்கே, எந்தக் கோணத்தில் கிடந்தது என்று கருவியால் அளந்து பதிவு செய்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். 2014-இல் தொடங்கிய வேலை 2017-இல் முடிந்தது. காசுகளுக்கு நடுவே தங்கக் கழுத்து வளையங்களும் செடித் துணுக்குகளும் கிடைத்தன. அவசரப்பட்டிருந்தால் அந்தச் செடித் துணுக்குகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்று தொடாமலே படிக்கும் வழியும் வந்துவிட்டது. மனித உடலைப் பார்க்கும் சிடி ஸ்கேனின் நுண்வடிவத்தைக் கொண்டு, குடத்துக்குள் ஒட்டிக் கிடக்கும் காசுகளைக்கூடத் திறக்காமலே ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது. இன்று நாம் தொடாமல் விட்டுவைக்கும் காசை நாளை இன்னும் நல்ல கருவி படிக்கும். தேய்த்து அழித்ததை எந்தக் கருவியாலும் படிக்க முடியாது.

போலிப் பச்சை

களிம்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் அதைப் பொய்யாகச் செய்பவர்களும் வந்துவிட்டார்கள். அமிலத்தில் போட்டு உரித்த காசுக்குப் பச்சைச் சாயம் பூசுவதும், ரசாயனத்தால் கறுப்பேற்றுவதும், பள்ளங்களில் செம்மண்ணைப் பசையோடு அப்புவதும் நடக்கின்றன. பருத்தியில் அசிட்டோன் நனைத்து ஒற்றினால் சாயமும் பசையும் ஒட்டிக்கொண்டு வரும். இயற்கைக் களிம்பு அசையாது. பூதக்கண்ணாடியில் பாருங்கள். புதுக் கீறலுக்குள்ளும் அதே பச்சை ஓடியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். இயற்கைக் களிம்பு நிறம் மாறி மாறி அடுக்காக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பச்சையாக இருந்தால் அது தூரிகையின் வேலை.

சேகரிப்பவர்களுக்குச் சில சொற்கள்

காசு கிடைத்ததும் இருபுறமும் படம் எடுத்து, எடையையும் கிடைத்த இடத்தையும் குறித்து வையுங்கள். மண் மிகுதியாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும் என்பதால் அது வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலமும் மெல்ல மெல்லக் களிம்பைக் கரைக்கும் என்பதை மறக்க வேண்டாம். சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் வெள்ளிப் பாத்திரத்துக்குச் சரி, பழங்காசுக்குக் கூடாது.

விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வையின் உப்பு காசின் முகத்தில் ரேகையாகவே பதிந்துவிடும். வளைந்து கொடுக்கும் பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டு, பசை போன்ற பச்சையை உண்டாக்கும். பாலியெஸ்டர் உறைகளே நல்லவை. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளிக்காசோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வெளிர்பச்சை மாவு தெரியும் காசை உடனே தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவினரிடம் காட்டுங்கள்.

நிலத்தைத் தோண்டும்போது குடத்தோடு காசுகள் கிடைத்தால் சட்டமும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கழுவாமல், பிரிக்காமல், குடத்தோடு ஒப்படைப்பதே முறை.

இத்தனை கவனமும் எதற்கு? சங்க காலத் தமிழ் மன்னர்கள் காசு அடித்தார்களா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. 1980-களில், ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சிறிய செப்புக்காசு ஒன்றை வெளிப்படுத்தினார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோட்டுருவ மீன். குதிரைக்கு மேலே தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயர். பாண்டியரின் பெயரைத் தாங்கிய காசு. பின்னர் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்களும் படிக்கப்பட்டன. பாட்டில் அறிந்திருந்த குடிகளின் பெயர்கள் காசிலும் எழுந்தன. யாழ்ப்பாண அரசர்கள் தமிழில் ‘சேது’ என்று பொறித்த காசுகளும் இப்படித்தான் நம்மிடம் பேசுகின்றன. நகத்தின் அகலம்கூட இல்லாத எழுத்துகள் அவை. அமராவதி மணலைச் சலித்தவரோ, பழைய பாத்திரக்காரரோ, கடைக்காரரோ அவற்றைப் புளி போட்டு விளக்கியிருந்தால் அந்த வரலாறு நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னும் படிக்கப்படாத காசுகள் தமிழ் நிலத்தின் பரண்களிலும் வயல்களிலும் ஆற்று மணலிலும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பளபளக்க வைக்க வேண்டாம். பச்சையோடு, மண்ணோடு, அப்படியே உலர வைத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.